தொட்டியில் ஊன்றிய இரும்பு

சமையலறைக் குழாய் வெடித்துப் பீறிடும் தண்ணீர் கூடத்துக்குள் நுழைந்து செருப்புகளை நகர்த்திக்கொண்டு போகிறது. கட்டில்மேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்ட மாமியார், "கீழே பிளக் இருக்குடா, பார்த்து" என்று ஓயாமல் சொல்கிறார். கணவன் குழாயில் ஈரத்துணியைச் சுற்றி அமுக்குகிறான். தண்ணீர் அவன் முகத்திலேயே அடிக்கிறது. அவள் வாசல் குழிக்குள் டார்ச் அடிக்கிறாள். அடியாழத்தில், வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைக்கும் வால்வின் சதுரத் தலை மினுங்குகிறது. கை எட்டவில்லை. போனில் பிளம்பர் சாவகாசமாகப் பேசுகிறார். "அதைத் திருப்ப நீளமா ஒரு பழைய இரும்புச் சாவி இருக்குமேம்மா. மேல குறுக்கா கைப்பிடி, அடியில சதுர ஓட்டை. வீட்டோட குடுத்திருப்பாங்களே." அவளுக்குப் பொறி தட்டுகிறது. குடிவந்த அன்று கதவுக்குப் பின்னால் கிடந்த இரும்பு. என்ன சாமான் என்றே யாருக்கும் விளங்காமல், இப்போது பூந்தொட்டியில் கொடிக்குக் கொம்பாக நிற்கிறது. "இருக்கு, இருக்கு, லைன்லயே இருங்க" என்றபடி ஓடுகிறாள். மாமியார் ஆசையாக வளர்த்த கொடியை மொட்டும் இலையுமாகப் பிய்த்தெறிந்து, கைப்பிடியைப் பற்றி இழுக்கிறாள். கம்பி மண்ணோடு வருகிறது. விரலால் மண்ணை வழிக்கிறாள். அடியில் ஓட்டை இல்லை. ரம்பத் தடத்தோடு மொட்டையாக இருக்கிறது. முனை தடிமனாக இருக்கிறது, தொட்டியில் இறங்கமாட்டேன் என்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வியர்க்க வியர்க்க அறுத்துவிட்டுக் கணவன் காபி கேட்டது ஞாபகம் வருகிறது. "கிடைச்சுதா?" என்று அவன் உள்ளிருந்து கத்துகிறான். மாமியார் இறங்கக் கட்டில்கால் நகரும் சத்தம் கேட்கிறது. "மாட்டிட்டீங்களாம்மா?" என்கிறார் பிளம்பர். "வலப்பக்கமா, மெதுவா திருப்புங்க."