பேர் சொல்லும் பயிற்சி

காரிமங்கலத்தில் பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் வெண்மதியின் அறை. கதவுப் பலகையில் பெயரைவிடப் பட்டங்களே நீளம். பச்சைத் திரை வழியே வடியும் வெயிலில், பைக்கிலிருந்து விழுந்து மூளையில் அடிபட்ட மாது உட்கார்ந்திருக்கிறான். "நான் யாருங்க?" என்று கேட்கிறாள் வெண்மதி. "வெண்மதி மேடம்," என்கிறான் மாது. கூடவே ஒரு புன்னகை வேறு. பல ஊர் அலைந்து இந்த மேடத்தைக் கண்டுபிடித்த மனைவி கோவிந்தம்மாள், முந்தானை நுனியைக் கயிறாகத் திரிக்கிறாள். "சரி, இவங்க பேரு?" மாது மனைவியையே பார்க்கிறான். மின்விசிறி கடகடக்கிறது. "இந்தா..." என்கிறான். வெண்மதி உச்சுக்கொட்டுகிறாள்: "ரொம்ப நெருக்கமானவங்களையே மறந்திருக்காரு." "மறக்கல்லாம் இல்லீங்க," கோவிந்தம்மாள் வெடுக்கென்று சொல்கிறாள். "கண்ணாலம் ஆன நாளா வூட்டுல எம்பேரு 'இந்தா'தானுங்க. உங்களத்தான் வாய்நெறையப் பேரு சொல்லிக் கூப்புடுறாரு!"