மருந்துக்கு அடங்காத வகை

மருந்து நோட்டில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. காலையில் ஒரு டிக், ராத்திரி ஒரு டிக் என்று மூன்று மாதமும் அம்மா கோடு பிசகாமல் போட்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் அம்மா வாய்த்தால் தன் வேலை பாதியாகிவிடும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்பது வயது மகளின் இழுப்பு மட்டும் நின்றபாடில்லை. இந்த மூன்று மாதத்தில் இரண்டு முறை ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டாயிற்று.

குழந்தைகளின் ஆஸ்துமாவை வகை பிரிப்பதில் டாக்டர் கில்லாடி. தூசியால் வருவதா, சளியால் வருவதா, ஓடியாடினால் வருவதா என்று பிரித்துவிட்டுத்தான் மருந்துச் சீட்டையே தொடுவார். இவளுடைய ரத்தம், ஊதிப் பார்த்த சோதனை எல்லாமே தூசி வகை என்று அடித்துச் சொன்னன. அந்த வகை, தினமும் வாயில் வைத்து அடித்துக்கொள்ளும் பம்புக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். மருந்துக்கு அடங்காத வகை. மாதாமாதம் ஊசி, அதுவும் வருஷக்கணக்கில்.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். "இவ தம்பிக்கு இருந்துச்சு" என்றாள் அம்மா. 'குடும்பத்தில் உண்டு' என்று எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். வகை பிரிக்க அவ்வளவு போதும்.

பம்ப் அடிக்கும்போது கூடவே இருக்கிறீர்களா என்றும் கேட்டுவைத்தார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தச் சத்தத்த என்னால கேக்க முடியாது டாக்டர். மாசம் பொறந்தா புதுசு வாங்கிக் குடுத்துடுவேன். அடிச்சு முடிச்சிட்டேன்னு உள்ள இருந்து சொல்லுவா, நான் டிக் போடுவேன்."

டாக்டருக்குச் சிரிப்புதான் வந்தது. ஊசியைக் கண்டு மயங்கி விழும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறார். பம்ப் சத்தத்துக்குப் பயந்தவள் இவள் ஒருத்திதான்.

ஊசிக்குச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தபோது நர்ஸ் குறுக்கிட்டாள். அடங்காத வகை என்று எழுதும் முன் பம்பை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது அவரே வைத்த சட்டம். இவ்வளவு சுத்தமான நோட்டு இருக்கும்போது அது எதற்கு என்று முனகிக்கொண்டே சிறுமியிடம் கையை நீட்டினார்.

அவள் புத்தகப் பையைத் திறந்தாள். ஒன்றுக்கு மூன்றாகப் பம்புகள் வெளியே வந்தன. மிச்சத்தைக் காட்டும் சின்னக் கட்டத்தில் மூன்றிலும் முழுசாக நூற்றிருபது. ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

அம்மா மூன்றையும் மாறிமாறித் திருப்பிப் பார்த்தாள். டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. பொய் நோட்டை நம்பி ஒரு குழந்தைக்கு வருஷக்கணக்கில் ஊசி போடப் பார்த்தோமே என்ற எரிச்சலையெல்லாம் அந்தக் குழந்தையிடமே காட்டினார். உயிர் போயிருந்தால் யார் பதில் சொல்வது, ஏன் அடிக்கவில்லை என்று கத்தினார்.

அவள் அழவில்லை. மூன்று பம்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்து மூடினாள்.

"தம்பிக்கு மூச்சு நின்னப்போ பம்புல மருந்து தீந்து போயிருந்துச்சு. அதான் தீராம வெச்சிருக்கேன்."