இரண்டு சமையலறை வீடு

"நான் வரைஞ்ச வீட்டுல இதுவரைக்கும் ஒரு ஜோடிகூடப் பிரிஞ்சது கிடையாது," என்றான் கட்டடக் கலைஞன் யோவாகிம்.

சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. வீட்டுக்குள் சுவர் எழும்பிய நாளில்தான் மனித குலம் சண்டை போடக் கற்றுக்கொண்டது என்பது அவனுடைய ஆராய்ச்சி முடிவு. கோபித்துக்கொண்டு போய் அடைந்துகிடக்க அறையே இல்லையென்றால் ஒருவர் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பார்? அதனால் அவன் வரையும் வீடுகளில் அடுப்பு, சாப்பாட்டு மேசை, சோபா, கட்டில் எல்லாம் ஒரே மைதானம். கழிப்பறைக்கு மட்டும் கதவு வைப்பான். அதுவும் நகராட்சி வற்புறுத்துவதால்.

வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அவன் வரைந்த வீடு எதற்கும் இன்னும் கூரை ஏறவில்லை என்பதை எதிரே இருந்தவர்களிடம் அவன் சொல்லவில்லை. தன் சொந்த வீட்டு விஷயத்தையும் சொல்லவில்லை. அவனும் மனைவி மாலினும் கட்டப்போகும் வீட்டில், கதவு வைத்த அறை ஒன்றே ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். கதவு கேட்பது விவாகரத்துக்கு முன்பதிவு செய்வது மாதிரி என்று சொல்லி அவன் சிரித்தான். மாலின் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனவள், வரைபடத்தில் கதவு வந்ததும் கூப்பிடச் சொல்லியிருந்தாள்.

எதிரே ஸ்தூரேயும் உல்ரிகாவும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நிறுவனம் காட்சிக்குக் கட்டிவைத்திருந்த சுவரில்லாத மாதிரி வீடு அது. பனி ஒட்டிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு, ஒரே ஒரு இலவங்கப்பட்டை பன்னைப் பிய்த்துப் பிய்த்துப் பகிர்ந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்கள் கேட்டது விசித்திரமாக இருந்தது. கூரை ஒன்று. ஆனால் நடுவில், அஸ்திவாரத்திலிருந்து கூரை வரைக்கும் ஒரு சுவர். இரண்டு வாசல், இரண்டு சமையலறை, இரண்டு தபால் பெட்டி.

யோவாகிமுக்குப் புரிந்துவிட்டது. வட ஸ்வீடனின் லூலியோ நகரில் இப்படிச் சில ஜோடிகள் உண்டு. உறவு முறிந்த பிறகும் பிள்ளைகளை உத்தேசித்துப் பக்கத்திலேயே வாழ்பவர்கள். அவன் மனது இளகியது. இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியே தீருவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

"சுவர் எவ்வளவு கனமா வேணும்?" என்று நோயாளியிடம் பேசும் குரலில் கேட்டான்.

"என் குறட்டை அந்தப் பக்கம் கேக்கக் கூடாது," என்றார் ஸ்தூரே.

"அதுக்குச் சுவர் பத்தாது, மலைதான் வேணும்," என்றார் உல்ரிகா.

சமையலறையையாவது பொதுவாக வைத்துக்கொள்ளலாமே என்று யோவாகிம் மன்றாடினான். அதற்கு உல்ரிகா, ஆகஸ்ட் மாதம் வந்தால் ஸ்தூரே திறக்கும் புளித்த மீன் டப்பாவின் நாற்றத்தைப் பற்றி விளக்கினார். அதை இந்த மைதானத்தில் திறந்தால் அடுத்த ஆகஸ்ட் வரை சோபாவில் உட்கார முடியாதாம். ஸ்தூரே மறுக்கவில்லை. மீன்மேல் பழி வந்ததில்தான் அவருக்கு வருத்தம்.

கல்லூரியில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தால் எந்தப் பக்கம் தங்குவாள் என்று கேட்டான். இரண்டு பக்கமும் சாப்பிடுவாள், பாத்திரம் எந்தப் பக்கமும் கழுவமாட்டாள் என்று இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள். துக்கத்தை எவ்வளவு அழகாக மறைக்கிறார்கள் என்று அவன் வியந்தான்.

"அந்தச் சுவர்ல ஒரு கதவாவது வச்சுக்கலாமே?" என்று கேட்டான். அப்படிக் கேட்டது தன் வாய்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"வேணாம். வரணும்னா வாசல் வழியா வரட்டும். மணி அடிச்சுட்டு நிக்கட்டும்," என்றார் உல்ரிகா.

ஸ்தூரே தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது சிவந்திருந்தது.

யோவாகிமால் தாங்க முடியவில்லை. "அவசரப்படாதீங்க. சுவரே இல்லாத வீட்டுல கொஞ்ச நாள் இருந்து பாருங்க. எல்லாம் சரியாயிடும்."

"இருந்தோமே," என்றார் ஸ்தூரே. "பதினெட்டு வருஷம். நீ சொல்ற அதே மைதானம்தான். கடைசியில கோர்ட்டுல போய் முடிஞ்சுது."

யோவாகிமின் பென்சில் நின்றது. ஏற்கெனவே பிரிந்தவர்களுக்கு இப்போது எதற்குப் புது வீடு என்று கேட்டான்.

"பிரிஞ்ச பிறகு இவருக்குக் கிடைச்சது எங்க எதிர் ஃபிளாட்," என்றார் உல்ரிகா. "ஒருநாள் காப்பித்தூள் கேட்டு மணி அடிச்சாரு. கதவைத் திறந்தா, தலையைச் சீவிட்டு வந்து நிக்கறாரு. பதினெட்டு வருஷத்துல நான் அதைப் பார்த்ததே இல்ல. மறுநாளும் வந்தாரு. வீட்டுல அவ்வளவு காப்பித்தூள் யாருக்கு இருக்கு?"

கடைசித் துண்டு பன்னை அவர் ஸ்தூரேயின் தட்டில் வைத்தார். "அடுத்த வருஷம் நடுக்கோடைத் திருநாளுக்குள்ள வீட்டை முடிச்சுக் குடு. அன்னிக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்."

"யாருக்குக் கல்யாணம்?"

"எங்களுக்குத்தான். ரெண்டாவது தடவை. மாப்பிள்ளை அதே ஆள்."

அவர்கள் போன பிறகு, யோவாகிம் தன் வீட்டு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரு சுவர் போட்டான். சற்று யோசித்து இன்னொன்றும் போட்டான். பிறகு மாலினுக்கு ஒரே ஒரு கேள்வியை அனுப்பினான்: "கதவு உள்பக்கம் திறக்கணுமா, வெளிப்பக்கமா?"