கொட்டில் தகரம்

தன்னாமுனையில், மாலை வெயில் வாவியில் பட்டுத் தெறித்துக் அடுப்புக் கரி படிந்த குசினிச் சுவரில் நெளிகிறது. தரையில் அமர்ந்திருக்கும் சுஜீவா, ஒரு தகரத்தின் மேல் நீலப் பூத்துணியை இழுத்துப் பிடித்து, ஓரங்களை மடித்துப் பசையால் ஒட்டுகிறாள். காந்தத்தால் துண்டுக் கடதாசிகளைப் பிடித்து வைக்கும் சுவர்ப் பலகை செய்கிறாள். இதற்கென்று முதலில் ஆசையாக வாங்கிய அலுமினியத் தகட்டில் ஒரு காந்தமும் நிற்கவில்லை. எல்லாம் மடியில் விழுந்தன. இது, சுனாமிக்குப் பின் அவர்கள் ஆறு வருடம் குடியிருந்த தற்காலிகக் கொட்டிலின் கூரைத் தகரம். கல்வீடு கட்டிய பிறகும், திரும்பத் தேவைப்படும் என்று அந்தக் கொட்டிலைப் பிரிக்க அவள் விட்டதேயில்லை. இந்த ஒன்றை மட்டும்தான் கழற்ற விட்டாள். அதன் நெளிவுகளைக் கணவன் ஜொய்சன் காலையிலிருந்து சுத்தியலால் தட்டி நிமிர்த்தியிருக்கிறான். துணிக்கு மேலாகத் தடவும் அவள் விரல் ஓர் ஆணி ஓட்டையில் நிற்கிறது. மாரியில் மகளின் பாய்க்கு மேல் ஒழுகிய ஓட்டை. "தெரியுதா?" என்கிறாள். "ஒண்டும் தெரியல்ல புள்ள. காந்தத்த வெச்சுப் பாரன்" என்கிறான் ஜொய்சன். காந்தம், அதே துணி சுற்றிய பொத்தானின் பின்னால் ஒட்டியிருக்கிறது. அதை அவள் ஓட்டையின் மேலேயே வைக்கிறாள். டக்கென்று பிடிக்கிறது. இப்படி இரண்டு பலகை விலைக்குக் கேட்டுச் செங்கலடி ரீச்சர் எழுதிக் கொடுத்த துண்டை அதனடியில் செருகிவிட்டுக் கையை எடுக்கிறாள். விழவில்லை. வாசல் வழியாகக் கொட்டிலைப் பார்க்கிறாள். "இஞ்சேருங்க, மிச்சத் தகரத்தையும் கழட்டுங்க."