எதிர் அணி

“அவருக்கு இன்னும் தெரியாது. வீட்ல நான் மூச்சே விடலை.” மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே போனில் கிசுகிசுத்த மனைவி, அவன் தலை தெரிந்ததும் பேச்சை முடித்துக்கொண்டாள்.

“யாரு?”

“ஆபீஸ்லேர்ந்து.”

“பழைய மெஷினுக்கு ரிப்பேர் புகார் கேக்கிற வேலைன்னுதானே சொன்னே? அதுல எனக்குத் தெரியக்கூடாதது என்ன இருக்கு?”

“ஈரச் சட்டையை மிதிக்காதீங்க,” என்றபடி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இருவருக்கும் ஒரே கம்பெனி, கட்டடம்தான் வேறு. கல்யாணமான நாள் முதல் அவள் இப்படிப் பேச்சை மாற்றி அவன் பார்த்ததில்லை. யாரோ ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணம் முள்ளாகத் தைத்தது. கேட்டுவிடவும் துணிச்சல் வரவில்லை. வேலையில் போய் விழுந்தான்.

வேலைக்குப் பஞ்சமும் இல்லை. தனியாக இருக்கும் வயதானவர் தடுக்கி விழுந்தால் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும் கைக்கடிகாரம். அதை முதலாளி ஒரே சமயத்தில் இரண்டு டீம்களிடம் கொடுத்திருந்தார். எதிர் டீமில் யார் யார் என்பது பரம ரகசியம். போட்டி இருந்தால்தான் வேகம் வரும் என்பது அவர் கொள்கை.

அவன் தன் ஆட்களைச் சக்கையாகப் பிழிந்தான். டிசைனர் காய்ச்சலோடு வந்தபோது திருப்பி அனுப்பவில்லை. சோதனைக்காக நாள் முழுக்கத் தரையில் விழுந்து எழுந்த டெஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “இன்னும் ஒரே ஒரு தடவை விழுங்க,” என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி கூப்பிட்டார். “உங்க வாட்சைத்தான் எடுத்துக்கிறோம். இனிமே இந்தப் பிரிவுக்கே நீங்கதான் தலைவர்.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“தோத்த டீமை என்ன பண்ணலாம்? உங்ககூடச் சேத்துக்கிறீங்களா?”

“வேண்டாம் சார். ஒரே உறையில ரெண்டு கத்தி எதுக்கு? அந்த லீடர் உள்ள இருந்தா என் பேச்சு எடுபடாது. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

முதலாளி பேனாவை மூடிவிட்டு அவனையே பார்த்தார். “நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?”

அன்று சீக்கிரமே கிளம்பினான். கையில் நல்ல சேதி இருந்ததால் மனசு இளகியிருந்தது. எவனாக இருந்தாலும் சரி, இன்று அவளிடம் மனம்விட்டுப் பேசிவிடலாம் என்று தோன்றியது.

வாசலில் அவள் செருப்பு கிடந்தது. வெயில் தாழுமுன் அவள் வீடு திரும்பியதே கிடையாது. பக்கத்தில் ஆண் செருப்பு ஏதும் இருக்கிறதா என்று அவன் கண் தானாகத் தேடியது. இல்லை.

கூடத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் பையை இன்னும் மடியில் வைத்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“என்ன, இந்நேரத்துக்கே வந்துட்டே?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கதானே எங்க டீமை வீட்டுக்கு அனுப்பச் சொன்னீங்க?”