ஏழாவது எக்ஸ்டென்ஷன்

ஆமைக்கு ஏன் கடிகாரம் என்று ஆமைக்கே புரியாது என்ற நம்பிக்கையில், மின்னல் தனக்குள் சிரித்தபடி சுவர்க் கடிகாரத்துக்கு வண்ணத்தாள் சுற்றிக்கொண்டிருந்தார். வழியனுப்பு விழாவுக்கு இன்னும் பத்து நிமிடம்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் மூத்த எழுத்தர்கள் இரண்டு பேர். 'மின்னல்' என்ற பட்டத்தை இவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்டார். பக்கத்து மேசை அக்காவுக்கு 'ஆமை' என்ற பட்டத்தையும், பிறர் சிரமப்பட வேண்டாமே என்று, இவரே சூட்டிவிட்டார்.

காலியாக இருந்த பிரிவுத் தலைவர் நாற்காலி ஜன்னலோரத்தில் இருந்தது. மூப்பு வரிசைப்படி அது ஆமைக்கு. ஆமை தொலைந்தால் மின்னலுக்கு.

திரையில் எது வந்தாலும் அக்கா விரல் வைத்து, முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை படிப்பார். மின்னல் எதையும் படிப்பதில்லை. அதற்காகத்தான் பிரவுசரில் ஏழு எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தார். ஒன்று விளம்பரத்தை விரட்டும். இன்னொன்று பத்து வரிக்கு மேல் நீளும் மின்னஞ்சலை, அனுப்பியவர் யாராக இருந்தாலும், கண்ணில் படாமல் ஓரங்கட்டும். ஒருமுறை மனைவி அனுப்பியதையும் ஓரங்கட்டியது; அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை.

ஆனால் அவருக்கு உயிர் ஏழாவதுதான். இரண்டு வாரத்துக்கு முன் அதைப் போட்ட கையோடு பக்கத்து மேசைக்குத் திரும்பினார்.

"அக்கா, நீங்களும் ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கிக்குங்க."

"எனக்கெதுக்கு தம்பி? ரிட்டயராக இன்னும் மூணு வருஷம் கிடக்கே!"

"ஐயோ, அந்த எக்ஸ்டென்ஷன் இல்லக்கா! இது பிரவுசர்ல போடறது. 'சம்மதமா, சம்மதமா'ன்னு பெட்டி பெட்டியா வந்து பிராணனை வாங்குதில்ல? இது தானாவே 'சம்மதம்'னு அமுக்கிடும்."

சொல்லிக்கொண்டே அலுவலகப் பக்கத்தைத் திறந்தார். திரை நிறைய ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. இமை கொட்டுவதற்குள் காணாமல் போனது.

"பார்த்தீங்களா!"

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"அதைத் தெரிஞ்சுக்காம இருக்கத்தானேக்கா இவ்வளவு வசதி!"

அக்காவின் திரையிலும் அதே பெட்டி வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் படித்தார். அதற்குள் மின்னல் ஒன்பது பேருக்கு 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று பதில் அனுப்பிவிட்டார். அதில் எட்டு வீட்டில் இன்றுவரை குழாயில் காற்றுதான் வருகிறது. கடைசியில் அக்கா ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, எதையோ அமுக்கினார்.

மூன்றாம் நாள் மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டார். வாசல் காவலாளியைக்கூட 'அவங்க' என்று சொல்லும் மரியாதைக்காரர்.

"தலைமை அலுவலகம் விருப்ப ஓய்வுத் திட்டம் அனுப்பியிருந்துச்சுல்ல? நம்ம பிரிவுல ஒருத்தங்க சம்மதம் குடுத்துட்டாங்க. விவரமெல்லாம் உங்க எல்லாருக்கும் ரெண்டு பக்கத்துக்கு மின்னஞ்சல் போட்டிருக்கேன். மறுபடி பேரைச் சொல்லி அவங்க மனசைச் சங்கடப்படுத்த வேண்டாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வழியனுப்பிடலாம்."

அப்படி ஒரு திட்டம் வந்ததே மின்னலுக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் நாற்பது நிமிடப் படிப்பு, பெருமூச்சு, அமுக்கல் எல்லாம் மனதில் கோத்துக்கொண்டன. பழம் நழுவிப் பாலில் விழுந்த மகிழ்ச்சியில் எழுந்து நின்றார்.

"பரிசு நான் வாங்கறேன் சார்! வாழ்த்து அட்டையும் நானே எழுதறேன்!"

மேலாளர் திகைத்துப் போனார். "நீங்களேவா?"

"இதுல என்னைவிட யாருக்கு சார் சந்தோஷம்?"

"உங்க மனசு யாருக்கும் வராதுங்க" என்றார் மேலாளர். தட்டச்சு செய்யும் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

மணி நான்கு. நடுவில் ஒரு நாற்காலி போட்டுச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். மேலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"இவங்க வேகத்தைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திட்டம் திரையில வந்த அதே விநாடி சம்மதம் சொன்னவங்க! ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. தலைமை அலுவலகமே அசந்து போச்சு. இனி அவங்களே நினைச்சாலும் மாத்த முடியாதாம்."

மின்னல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஆமைக்கு வேகமாம்! வழியனுப்பும் நாளில் கழுதையையும் குதிரை என்றுதானே சொல்ல வேண்டியிருக்கிறது?

கைதட்டல் ஓய்வதற்குள் அவர் முன்னால் பாய்ந்து, கடிகாரத்தையும் அட்டையையும் அக்காவின் கையில் திணித்தார். "வாங்கக்கா, வந்து உட்காருங்க. நாற்காலி காத்துக்கிட்டிருக்கு!"

அக்கா வழக்கம்போல அட்டையில் விரல் வைத்து, முதல் எழுத்திலிருந்து படித்தார். 'அன்பு அக்காவுக்கு, இனி உங்களுக்கு நேரமே நேரம்.' கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம், முற்றுப்புள்ளி வரை படித்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, கிளம்பறது நீங்க... உங்க எக்ஸ்டென்ஷன் சொல்லலையா?"