தோளில் தங்கிய விரல்கள்

கரிக்கலாம்பாக்கம் பிளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த தேவிக்கு, போட்டோவில் ஆள் மாற்றக் கற்றுக்கொண்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவள் மவுஸைப் பிடித்த விதத்திலேயே, பேனர் அடிக்க வந்த புகழ்வேந்தனுக்கு அது தெரிந்துவிட்டது.

மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பேனர். குடும்பப் போட்டோவில் அவர் தோளில் கை போட்டு நிற்கும் தம்பியை எடுத்துவிட்டு, அங்கே மச்சானை நிறுத்த வேண்டும். பாகம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போன நாய்க்குப் பேனரில் என்ன இடம்?

தேவி தம்பியை வெட்டி எடுத்து, வேறொரு போட்டோவிலிருந்து மச்சானைக் கொண்டுவந்து ஒட்டினாள். மச்சான் இரண்டு கையையும் கூப்பி நின்றார். புகழ்வேந்தனின் தோளில் மட்டும் நான்கு விரல்கள் தங்கிவிட்டன.

"இன்னாம்மா, ஆள எடுத்துட்டு கைய வுட்டுட்ட? உன்னையெல்லாம் யாரு வேலைக்கு வச்சது?"

"ரெண்டு வாட்டி அழிச்சிட்டேண்ணா. திரும்பவும் வருது."

"அது எப்டி வரும்? உனக்குத் தெரிலன்னு சொல்லு."

மூன்றாவது முறை போய்விட்டது. பேனரில் அவர் தோள் சுத்தமாக இருந்தது.

விழாவன்று காலை, வெள்ளைச் சட்டையுடன் கிளம்பியவரை மனைவி மஞ்சுளா நிறுத்தினாள். "தோள்ல இன்னாங்க, வெரல் பதிஞ்சா மாதிரி கசங்கிருக்கு?"

"ஒரு சட்டைய ஒழுங்கா தேய்க்கத் துப்பில்ல உனக்கு."

அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுச் சட்டை ஒன்றைக் கவரைக் கிழித்து எடுத்து மாட்டினார். கண்ணாடி முன்னால் நின்றார். கிழித்த கவர் காலடியில் கிடந்தது. தோளில் நான்கு பள்ளங்கள் இருந்தன. அவர் பார்க்கப் பார்க்க அவை மெல்ல ஆழமாயின.